போலீஸ் ஸ்டேஷன் காகிதம் யாருக்குக் கிடைக்கும்? வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன் வெகுநாள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வருகிறவர்களுக்கு நடுவே, "ஸ்டேஷனில் காகிதம் தரமாட்டேன் என்கிறார்கள்" என்று வருகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஜாமீன், அப்பீல் என்று விஷயம் போனால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ரகசியமா? ஸ்டேஷனில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ரகசியம் இல்லை. புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நகலை உடனே, காசில்லாமல் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் புகார்தாரருக்கு இந்த உரிமை இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரும் சான்றிட்ட நகல் கேட்கலாம். கோர்ட்டில் மனுப் போட்டால் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று 2016 செப்டம்பர் 7 அன்று யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இரண்டு தரப்பும் இல்லாத மூன்றாம் ஆளுக்கு? அதே தீர்ப்புதான் வழி. பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரைக் காவல் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும், தொடர்பு வசதி சரியில்லாத இடங்களில் 72 மணி நேரம் வரை போகலாம் என்றது உச்ச நீதிமன்றம். தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருடம், குற்ற எண் கொடுத்தால் பார்க்கலாம்.

தேடினேன், வரவில்லையே?

முதலில் மாவட்டத்தைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். வாணியம்பாடிக்காரர் பழக்கத்தில் வேலூர் என்று போட்டுவிட்டு, "அழித்துவிட்டார்கள்" என்று என்னிடம் வருவார். 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போய்விட்டது.

மாவட்டம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், ஏற்றாமலே விட்டிருக்கலாம். பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளை ஏற்ற வேண்டாம் என்று தீர்ப்பே விலக்கு தருகிறது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரோ குழந்தையின் பெயரோ வெளியே வரக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த முடிவை ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) எடுக்க முடியாது, டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி எடுக்க வேண்டும். சாதாரண அடிதடி வழக்கை 'சென்சிட்டிவ்' என்று ஒதுக்கி அதனால் பாதிக்கப்பட்டால், எஸ்.பி.க்கு மனுக் கொடுங்கள். அவர் மூன்று அதிகாரிகள் கொண்ட குழுவை வைத்து அதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

புகார் கொடுத்தேன், ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அது எஃப்.ஐ.ஆர்.தானே?

இல்லை. அது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்தது, எண் போட்டோம் என்பதற்கு மட்டும் அத்தாட்சி. வழக்குப் பதிந்தால்தான் குற்ற எண்ணோடு எஃப்.ஐ.ஆர். வரும். சி.எஸ்.ஆரோடு விசாரித்து, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு முடித்துவிடுவது நம் பக்கத்தில் வழக்கம். வரப்புச் சண்டைக்கு அது நல்லதுதான். ஆனால் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. போட மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள். பின்னால் எந்த மனு எழுதினாலும் நான் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

"விசாரணை நடக்கிறது, எதையும் தர முடியாது" என்று பதில் வந்தது. அப்புறம் என்ன செய்வது?

இது சண்டைகளிலேயே பெரிய சண்டை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(1)(எச்) என்று ஒரு பிரிவு உண்டு. புலன் விசாரணையையோ, குற்றவாளியைப் பிடிப்பதையோ, வழக்கு நடத்துவதையோ தடுக்கக்கூடிய தகவலைத் தர வேண்டியதில்லை என்கிறது அது. இதில் 'தடுக்கக்கூடிய' என்ற சொல்தான் உயிர். பதில் எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, 'விசாரணை நிலுவையில் உள்ளது' என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

2007 டிசம்பரில் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் மறுக்கக் காரணம் ஆகாது, இந்தத் தகவலைக் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்றது. சட்டத்தின் 19(5) பிரிவும் அதே பக்கம்தான்: மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவருக்கு.

என்னிடம் தறிக்காரர் ஒருவர் வந்தார். பட்டறையில் நூல் திருட்டுப் போய் ஒன்றரை வருடம். அவர் கேட்டது இரண்டே விஷயம்: வழக்கு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, விசாரணை அதிகாரி யார். 'விசாரணை பாதிக்கும்' என்று பதில் வந்தது. விசாரணை அதிகாரியின் பெயரைச் சொன்னால் திருடன் தப்பித்துவிடுவானா என்ன? முதல் மேல்முறையீட்டில் இதையே கொஞ்சம் மரியாதையான வார்த்தையில் எழுதினோம். பெயரும் வந்தது, 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வழக்கை எப்போதோ முடித்துவிட்ட செய்தியும் வந்தது. இல்லாத விசாரணை எப்படிப் பாதிக்கும் என்று அவர் என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆனால் மறுப்பு சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. அடுத்து யாரைக் கைது செய்யப் போகிறார்கள், எந்தச் சாட்சி என்ன சொன்னார், துப்புக் கொடுத்தவர் யார் என்றெல்லாம் கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. தகவல் கொடுத்தவரின் உயிருக்கு ஆபத்து என்றால் 8(1)(ஜி) தனியாகவே காப்பாற்றுகிறது. ஒரே காகிதத்தில் கொடுக்கக்கூடியதும் கூடாததும் கலந்திருந்தால், கூடாததை மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்பது 10-ஆவது பிரிவு. மேல்முறையீட்டில் இந்தப் பிரிவை எழுத மறக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்களே புகார்தாரர் என்றால் தகவல் சட்டத்துக்கே போக வேண்டியதில்லை. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீசே தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 193-ஆவது பிரிவு சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினாலே சில சமயம் பதில் வந்துவிடுகிறது.

தகவல் மனுவை எப்படி எழுதுவது?

வெள்ளைத் தாள், தமிழ், 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பத்தும் வேண்டாம், சான்று இணைத்தால் போதும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஆள் மாறிப் போயிருந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே சரியானவருக்கு அனுப்ப வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். (பழைய ரிஜிஸ்டர் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. இன்னும் அதைக் கேட்டு கவுன்ட்டரில் சண்டை போடுகிறவர்கள் உண்டு.)

விஷயம் கேள்வியில்தான் இருக்கிறது. பெரும்பாலானோர் எழுதிக்கொண்டு வருவது இப்படி இருக்கும்: "என் புகார் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை? எதிரியிடம் பணம் வாங்கினீர்களா?" கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் தகவல் என்றால் ஏற்கெனவே அலுவலகத்தில் காகிதமாகவோ கணினியிலோ இருப்பது. 'ஏன்' என்பதற்கான விளக்கம் ஒரு காகிதத்திலும் இருக்காது. புதிதாகத் தயாரித்துக் கொடுக்கும் கடமை அலுவலருக்கு இல்லை என்று 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதையே இப்படி எழுதலாம். 'இந்தத் தேதியில் நான் கொடுத்த இந்த எண்ணுள்ள மனுவுக்கு எதிரே சி.எஸ்.ஆர். பதிவேட்டில் எழுதியிருக்கும் குறிப்பின் நகல். அந்த மனுவை விசாரித்தவரின் பெயர், பதவி. மனு முடிக்கப்பட்டிருந்தால், முடித்துவைத்த அறிக்கையின் நகல்.' இதில் 'ஏன்' கிடையாது. ஆனால் ஏன் என்பது அந்த அறிக்கையைப் படித்தால் தெரிந்துவிடும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை எழுத வேண்டாம், அவர்களும் கேட்கக் கூடாது. பக்கத்துக்கு 2 ரூபாய் நகல் கட்டணம் கேட்டால் கட்டுங்கள்.

தகவல் மனுவுக்குப் பதில் தர வேண்டிய 30 நாள் ஆகிவிட்டது. பதிலே இல்லை.

பதில் இல்லாததும் மறுப்புதான். அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளில், தள்ளிப்போனால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. வேலூரிலிருந்து விசாரணைக்குப் போய் வருவது ஒரு நாள் கூலி நஷ்டம். அதையும் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஆணையத்துக்கு 18-ஆவது பிரிவில் புகாரும் போடலாம், 19-ஆவது பிரிவில் மேல்முறையீடும் போடலாம். மேல்முறையீடு இழுவை என்று நேராகப் புகார் போடுகிறவர்கள் அதிகம். புகாரில் அலுவலருக்கு அபராதம் விழலாம், நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை. ஆனால் தகவலைக் கொடு என்று அந்தப் பிரிவில் உத்தரவிட முடியாது. 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அவருக்கு அபராதம் வேண்டுமா, உங்களுக்குக் காகிதம் வேண்டுமா என்று முதலில் தீர்மானியுங்கள்.

குற்றப்பத்திரிகை நகல்?

குற்றம் சாட்டப்பட்டவருக்கும், புதிய சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவருக்கும் கோர்ட் மூலம் கிடைக்கும். மற்றவர்களுக்கு இணையத்தில் வராது. எஃப்.ஐ.ஆர். போல இதையும் ஏற்ற வேண்டும் என்று கேட்ட வழக்கை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் சட்டம் இன்று இதுதான்.

கோர்ட்டுக்குப் போய்விட்ட ஆவணத்தைத் தகவல் மனுவில் கேட்காதீர்கள். கோர்ட் விதிப்படி நகல் மனுதான் போட வேண்டும் என்று 2020-இல் தீர்ப்பாகிவிட்டது.

வழக்கு நாட்குறிப்பு?

கேஸ் டைரி கிடைக்காது. கோர்ட் பார்க்கலாம், நீங்கள் பார்க்க முடியாது.

விபத்து வழக்கு. இன்சூரன்சுக்குக் காகிதம் வேண்டும், ஸ்டேஷனுக்கு நடந்து கால் தேய்ந்துவிட்டது.

பெங்களூர் நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போவதால் இந்தக் கேள்வி வாராவாரம் வரும். எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், வாகன ஆய்வாளர் அறிக்கை போன்ற விபத்து ஆவணங்களைக் காவல் துறைத் தளத்திலேயே பணம் கட்டி இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மத்திய விதிகளின்படி, முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும் விரிவான அறிக்கையை 90 நாளிலும் போலீசே விபத்துத் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கும் 'செலவுக்கு' என்று கொடுக்காதீர்கள்.

ஸ்டேஷனில் அடித்தார்கள். சி.சி.டி.வி. பதிவைக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் இங்கே நாள்தான் எதிரி. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்கும் வசதி வேண்டும், அது கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருடம் ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அப்பாவும் மகனும் அடிபட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன? டிஸ்க்கில் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே 'உத்தரவு இருக்கிறது, பதிவும் இருக்கும்' என்று நம்பி உட்காராதீர்கள்.

நான் செய்யச் சொல்வது: அன்றைக்கே அல்லது மறுநாள், தேதி, நேரம், எந்த அறை, எந்த வாசல் என்று குறிப்பிட்டு, 'இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்கவும்' என்று எஸ்.பி.க்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மின்னஞ்சலும் தபாலும் அனுப்புங்கள். தகவல் மனு அதற்குப் பிறகு. 30 நாள் காத்திருக்கும் மனுவை முதலில் போட்டுவிட்டு உட்கார்ந்தால், பதில் வரும்போது பதிவு இருக்காது. அரசு ஆஸ்பத்திரியில் காட்டிக் காயச் சான்றிதழ் வாங்குவதும் அன்றைக்கே நடக்க வேண்டும்.

தம்பியை நேற்று ராத்திரி கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே என்றே சொல்லவில்லை. 48 மணி நேர மனுப் போடலாமாமே?

உயிர், சுதந்திரம் பற்றிய தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது உண்மை. அதை நம்பி இருக்காதீர்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதானவர் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும் பார்வையில் படும்படி இருக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 37-ஆவது பிரிவு. எஸ்.பி. அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். கையோடு வக்கீலைப் பிடியுங்கள்.

என் அப்பா காலத்து வழக்கு. முத்திரையில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கிறது. யாரைக் கேட்பது?

ஸ்டேஷன் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த எஸ்.பி. அலுவலகம். 1989-இல் வட ஆற்காடு பிரிந்தபோது ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி எல்லாம் திருவண்ணாமலைக்குப் போயின. 2019-இல் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போயின. 1911 வரை சித்தூரும் நம் மாவட்டம்தான், தலைநகரே அதுதான். நல்லவேளையாக அவ்வளவு பழையதை இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.

20 வருடத்துக்கு முந்தைய சம்பவம் என்றால் உங்களுக்குச் சாதகம். 8(3) பிரிவின்படி பெரும்பாலான விலக்குகள் அதற்குமேல் செல்லாது, 'விசாரணை பாதிக்கும்' என்பது உட்பட. 'கோப்பைக் காணவில்லை' என்று பதில் வரலாம். காணவில்லை என்பது சட்டத்தில் உள்ள விலக்கு அல்ல, தேடி விசாரித்துப் பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும் என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'அழித்துவிட்டோம்' என்றால், அழிக்க உத்தரவிட்ட காகிதத்தின் நகலைக் கேளுங்கள்.

காட்பாடி, ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் நடந்தது என்றால் மாவட்ட எஸ்.பி. அல்ல, ரயில்வே போலீஸ். ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) என்றால் மத்திய அரசு, இரண்டாம் மேல்முறையீடும் டெல்லிக்குப் போகும்.

ஆந்திரா போலீஸ் வைத்திருக்கும் காகிதம்?

அந்த மாநிலத்துக்குத்தான் மனு, ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ. இது நம் பக்கத்துக்குச் சின்ன விஷயம் அல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 தமிழர்கள் இறந்தார்கள், திருவண்ணாமலை, தருமபுரி பகுதி மலைக்காரர்கள் அதில் அதிகம். ஜவ்வாது மலையில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாய்க்கு, மகனைப் பற்றிய காகிதம் எல்லைக்கு அந்தப் பக்கம், தெலுங்கில். இந்தத் தூரத்தைக் குறைக்க எந்தப் பிரிவும் இல்லை.

போலீஸ்காரர் மேல் எடுத்த நடவடிக்கையைக் கேட்கலாமா?

கேட்கலாம், கிடைப்பது கஷ்டம். அரசு ஊழியரின் மெமோ, தண்டனை விவரங்கள் தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது இன்னும் இறுகிவிட்டது. தனிநபர் தரவுச் சட்டத்தின் திருத்தம் 2025 நவம்பரில் அமலான பிறகு, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று 8(1)(ஜே) சுருங்கிவிட்டது. எனக்குத் தெரிந்து இந்தச் சட்டத்துக்கு நேர்ந்த பெரிய அடி இதுதான். மிச்சமிருக்கும் வழி 8(2): கெடுதியைவிடப் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம். அதை வாதாடித்தான் வாங்க வேண்டும்.

லஞ்ச ஒழிப்புத் துறையை 2008-இல் தமிழக அரசு இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கிவிட்டது. ஆனாலும் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு விலக்கு இல்லை என்று 24-ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

என் பிரச்சினை தலைகீழ். விடுதலையான பிறகும் என் பெயர் இணையத்தில் வருகிறது. வேலை கிடைக்கவில்லை.

காகிதம் வேண்டும் என்று வருகிறவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இவரும் உட்கார்ந்திருப்பார். இவருடைய நியாயமும் நியாயம்தான். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அதனால் இன்றைக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. காவல் சரிபார்ப்பில் 'வழக்கு உண்டு' என்று மட்டும் எழுதி, விடுதலையை எழுதாமல் விட்டிருந்தால், தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைத்துத் திருத்தக் கேளுங்கள். ஹிஸ்டரி ஷீட், அதாவது ஒருவரைப் பற்றி ஸ்டேஷனில் வைத்திருக்கும் குற்றப் பதிவு, போலீசின் உள் ஆவணம், பொதுவில் விடக் கூடியது அல்ல என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் உங்களுக்கு உதவும்.

இதெல்லாம் கேட்டால் போலீஸ் பகை வராதா?

வரலாம். வராது என்று சொன்னால் பொய். அதனால்தான் ஸ்டேஷன் கவுன்ட்டரில் கொடுக்காமல் எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பச் சொல்கிறேன். வீட்டு முகவரி தர பயமாக இருந்தால் தபால் பெட்டி எண் கொடுக்கலாம், 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது.

போன வருடம் ஒரு அம்மா மனு அனுப்பி பத்து நாளில், வீட்டுக்கு ஒரு ஏட்டு வந்தாராம். "எதுக்கும்மா இதெல்லாம் கேக்குறீங்க?" என்றாராம். அந்த அம்மா மோர் கொடுத்துவிட்டு, "காரணம் சொல்ல வேணாம்னு எழுதிக் குடுத்தவரு சொன்னாரு" என்றிருக்கிறார். ஏட்டு மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இருபத்தேழாம் நாள் பதில் வந்தது. இரண்டு பக்கம், நான்கு ரூபாய்.